"ஹெச்.ஆர். வைத்தால் லாபம் கூடுமா?" பலகாரத் தொழிற்சாலை நடத்தும் ஒரு தம்பிக்கு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார், வயது 34. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அதனால் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பச்சி (அப்பா) ஆரம்பித்த பலகாரத் தொழில். வீட்டு வளவில் நாலைந்து பெண்களை வைத்துக் கல்யாணச் சீருக்கு முறுக்கும் தேன்குழலும் சுற்றிக் கொடுத்ததில் தொடங்கி, இன்றைக்கு ஷெட் போட்டு 58 பேர் வேலை பார்க்கிற தொழிற்சாலை. அதில் 46 பேர் பெண்கள், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். மீதி 12 பேர் ஒடிசாவிலிருந்து புரோக்கர் மூலம் வந்தவர்கள், ஷெட்டுக்குப் பின்னாலேயே தங்கியிருக்கிறார்கள். முறுக்கு, தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை. மதுரைக்கும் சென்னைக்கும் போகிறது, ஒரு ஏஜெண்ட் மூலம் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறது. இரண்டு வருடம் முன்னால் கடன் வாங்கி, பிழியும் மெஷினும் பெரிய ஃபிரையரும் பேக்கிங் மெஷினும் போட்டிருக்கிறார். நாளைக்கு 1,500 கிலோ எடுக்கலாம் என்று சொல்லி விற்ற மெஷினில் 900 கிலோவைத் தாண்ட முடியவில்லை. மாதத்துக்கு ஐந்து பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள். ஒழுங்கு வரட்டும் என்று பயோமெட்ரிக் வைத்து, 8 மணிக்கு மேல் 10 நிமிடம் தாண்டினால் அரை நாள் சம்பளம் கட் என்று விதி போட்டார். ஊக்கம் வரட்டும் என்று சம்பளத்துக்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று ஊக்கப் படி கொடுத்தார். அதற்கப்புறம் உடைசல் 3 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகிவிட்டது, சிக்கு வாடை அடிக்கிறது என்று கடைகளிலிருந்து பாக்கெட் திரும்பி வருகிறது. இதற்கு நடுவில் 14 வருடமாக மாவுப் பதம் பார்த்து வந்த அக்கா, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போட்டிக் கம்பெனிக்குப் போய்விட்டார். கோபத்தில் அவருடைய கடைசி மாதச் சம்பளத்தை இவர் நிறுத்தி வைத்திருக்கிறார்.

கேள்விகள் மூன்று. சென்னையில் எம்.பி.ஏ. படித்த நண்பர் 45,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு ஹெச்.ஆர். மேனேஜரை, அதாவது ஆட்கள் நிர்வாகம் பார்க்க ஒருவரை, போடச் சொல்கிறார், அப்பச்சியோ "அதெல்லாம் சிட்டி சமாச்சாரம், நம்ம ஊருக்கு எதுக்கு" என்கிறார்; நிஜமாகவே ஹெச்.ஆரால் உற்பத்தியும் லாபமும் கூடுமா? பாதிப் பேரைக் கான்ட்ராக்டில் காட்டி பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) செலவைக் குறைக்கலாம் என்று கணக்குப் பார்ப்பவர் சொல்கிறாரே, செய்யலாமா? போன அக்கா போட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பதைத் தடுக்க முடியுமா?

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் இரண்டு மாத பயோமெட்ரிக் பதிவை அனுப்பச் சொல்லி மெயில் போட்டேன், மறுநாளே அனுப்பிவிட்டீர்கள், நன்றி. நான் சொல்லப் போவதில் பாதி அதிலிருந்து வருகிறது. "இந்தக் காலத்து ஆட்களுக்கு வேலை செய்ய வணங்கவில்லை, 100 நாள் வேலை கெடுத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதிவேடு அப்படிச் சொல்லவில்லை.

எட்டு மணியும் ஒரு டவுன் பஸ்ஸும்

லேட் ஆனவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலும் அதே 11 பெண்கள். விரல் வைத்த நேரம் 8.12, 8.13, 8.15, தினமும் அதே நேரம், ஒருத்தர் பின்னால் ஒருத்தர். சோம்பேறித்தனத்தால் வரும் தாமதம் இப்படி வரிசையாக வராது. ஒருவர் 8.05-க்கு வருவார், இன்னொருவர் 8.40-க்கு வருவார். நீங்கள் விசாரித்துச் சொன்னது போல இந்த 11 பேரும் கல்லல் பக்கத்திலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ். அதை விட்டால் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில்தான் வர வேண்டும். பஸ் வந்து நிற்பதே 8 மணி தாண்டி. உங்கள் விதியின் 10 நிமிடச் சலுகை அவர்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் தவறிப் போகிறது, ஒவ்வொரு முறையும் 250 ரூபாய் போகிறது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். விதி வந்த மாதத்திலிருந்து இந்த 11 பேரின் முழு நாள் லீவு ஏறியிருக்கிறது. "எப்படியும் அரை நாள் போச்சு, பேசாமல் வீட்டு வேலையாவது பார்ப்போம்" என்று பஸ் தாமதமான அன்று திரும்பிப் போயிருப்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அவர்களில் மூன்று பேர் இப்போது வேலையிலேயே இல்லை. பன்னிரண்டு நிமிடத்தைப் பிடிக்கப் போய் ஆளையே விட்டிருக்கிறீர்கள்.

இதில் சட்டப் பிரச்சினையும் இருக்கிறது. வராத நேரத்துக்கு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கூலியில் பிடிக்கலாம், 12 நிமிடத் தாமதத்துக்கு அரை நாள் பிடிப்பது சட்டப்படி செல்லாது. ஷிஃப்டை 8.30-க்கு மாற்றி அரை மணி நேரம் தள்ளி முடித்தால் உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. மாலை பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், இங்கே சரிசெய்து அங்கே கெடுத்துவிடக் கூடாது.

வைகாசியில் கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழா அன்று 31 பேர் வரவில்லை என்று பொருமியிருக்கிறீர்கள். அம்மன் தேர் உங்கள் டெலிவரி தேதி பார்த்து ஓடாது. மாசி-பங்குனியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறார்கள், தை மாதம் சிறாவயலில் மஞ்சுவிரட்டு. எல்லாமே முன்கூட்டியே தெரிந்த நாட்கள். தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கு வருடத்துக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தாக வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக மீதி ஐந்து பண்டிகை நாள். நீங்கள் அந்த ஐந்தையும் காலண்டரைப் பார்த்து நீங்களாகவே போட்டிருக்கிறீர்கள், அதில் உள்ளூர்த் திருவிழா ஒன்றுகூட இல்லை. தொழிலாளர்களை உட்கார வைத்துக் கேட்டு அந்த ஐந்தை முடிவு செய்யுங்கள். போதாத நாளுக்கு மாற்றாக எந்த ஞாயிறு வருவது என்பதையும் அவர்களோடு பேசி முடிவெடுத்து, வருட ஆரம்பத்திலேயே போர்டில் ஒட்டிவிடுங்கள். அப்புறம் வராதவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

கிலோவுக்குப் படி கொடுத்ததால் என்ன ஆனது

நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் எடை போடுகிற இடம் எது? ஃபிரையரிலிருந்து எண்ணெய் வடித்து எடுத்ததும் போடுகிறீர்கள். அதற்குப் பிறகு ஆறவைக்கிற மேஜையிலும் பேக்கிங்கிலும் உடைவது யார் கணக்கிலும் வராது. எனவே பொரிக்கிறவர் என்ன செய்வார்? ஒரே ஈடில் கூடுதலாகப் போடுவார். பச்சை மாவு அதிகம் விழுந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும், இறங்கிய சூட்டில் முறுக்கு எண்ணெய் குடிக்கும், சரியாக வேகாமல் நடுவில் நமத்துப் போகும். எண்ணெய் குடித்த பண்டம் எடை கூடுதலாக நிற்கும் என்பதையும் கவனியுங்கள். அதற்கும் சேர்த்து நீங்கள் படி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்! பிறகு ஆறுவதற்குள் அடுத்த ஈடு வந்து நெருக்க, சூட்டோடு பாக்கெட்டில் போடுகிறார்கள். சிக்கு வாடை அங்கேதான் தொடங்குகிறது. சிங்கப்பூர் ஏஜெண்ட் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சரக்கு இன்னும் அலமாரியில் இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் எண்களையே வைத்து ஒரு கணக்குப் போடுவோம். நாளைக்கு 900 கிலோவில் 3 சதவீத உடைசல் என்றால் 27 கிலோ, 7 சதவீதம் என்றால் 63 கிலோ. வித்தியாசம் 36 கிலோ. அடக்க விலை கிலோவுக்கு 160, உடைசலை 60-க்குத் தள்ளுகிறீர்கள், நஷ்டம் கிலோவுக்கு 100 ரூபாய். ஒரு நாளைக்கு 3,600, மாதம் 26 நாளுக்கு 93,600 ரூபாய். திரும்பி வந்த பாக்கெட்டுகள் இதில் சேரவில்லை. மாதம் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்றால் வருடத்துக்கு 60 பேர், அதாவது வருடத்துக்கு ஒரு முறை மொத்தத் தொழிற்சாலையையும் காலி செய்து புதிதாக நிரப்புகிறீர்கள். புதிதாக வருகிறவர் முதல் 20 நாள் பாதி வேலைதான் செய்வார், அதுவே 5,000 ரூபாய். புரோக்கர் கமிஷன், கற்றுக்கொடுக்கிறவரின் நேரம், வீணாகிற மாவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 8,000 என்று குறைத்துப் போட்டாலும் வருடத்துக்கு 4,80,000. இந்தத் தொகைகள் எதுவும் உங்கள் லாப நஷ்டக் கணக்கில் தனி வரியாக வராது. மூலப்பொருள் செலவிலும் கூலியிலும் கரைந்து கிடக்கும், அதனால்தான் "மெஷின் சரியில்லையோ" என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில். ஆட்களை எடுப்பது, பழக்குவது, கூலி கொடுப்பது, தக்கவைப்பது, அவர்கள் சொல்வதைக் கேட்பது எல்லாம் லாபத்தை நேராகத் தொடுகிற விஷயங்கள், அதிலும் உங்களைப் போல கைப்பக்குவத்தையும் மெஷினையும் கலந்து ஓட்டுகிற உற்பத்தித் தொழிலில். ஆனால் ஒன்றை மட்டும் தனியாகச் செய்தால் பலிக்காது. அமெரிக்காவில் 17 கம்பெனிகளின் 36 ஸ்டீல் ஃபினிஷிங் லைன்களை வைத்து 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. ஊக்கத்தொகை, குழு வேலை, பயிற்சி, வேலைப் பாதுகாப்பு, பல வேலை பழக்குதல் இவற்றைச் சேர்த்துச் செய்த லைன்களில் உற்பத்தி தெளிவாக உயர்ந்திருந்தது, ஏதாவது ஒன்றை மட்டும் புகுத்திய இடத்தில் பெரிய மாற்றமில்லை. உங்கள் விஷயத்தில் படி மட்டும் கொடுத்தீர்கள், பயிற்சி இல்லை, தரத்துக்கு அளவு இல்லை, பக்கத்திலேயே அரை நாள் கட் வேறு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கினால் எந்த ஊரில் ஆள் நிற்பார்கள்?

நம் நாட்டு உதாரணமும் இருக்கிறது. மும்பைக்கு அருகில் குடும்பங்கள் நடத்தும் 17 ஜவுளி நிறுவனங்களை எடுத்து, பொருளாதார ஆய்வாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள், 2013-இல் வெளிவந்தது. சில ஆலைகளுக்கு மட்டும் ஆலோசகர்களை அனுப்பி 38 நடைமுறைகளைப் பழக்கினார்கள். பிரமாதமான சமாச்சாரம் ஒன்றுமில்லை. குறைபாட்டைத் தினமும் எழுதுவது, மெஷின் ஏன் நின்றது என்று குறிப்பது, சரக்கை ஒழுங்காக அடுக்குவது, நல்ல வேலைக்கு வெகுமதி கொடுப்பது, இந்த மாதிரி. முதல் வருடத்திலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. ஏன் இதை முன்பே செய்யவில்லை என்றால், பல முதலாளிகள் தங்கள் ஆலையில் குறையே இல்லை என்று நினைத்திருந்தார்கள். இன்னொரு விஷயமும் அதில் தெரிந்தது, உங்களுக்கு இது சுருக்கென்று தைக்கலாம்: அந்த நிறுவனங்கள் எவ்வளவு பெரிதாகின என்பதை, குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதே பெரிதும் தீர்மானித்தது. வெளியாளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க மனமில்லை. உங்கள் இடத்தில் ஒரு நாள் லீவுக்குக்கூட அப்பச்சிதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சிட்டி சமாச்சாரமா?

அப்பச்சியிடம் இதை நீங்கள் மரியாதையாகவே சொல்லலாம். ஹெச்.ஆர். என்ற பேர் வேண்டுமானால் சிட்டியிலிருந்து வந்திருக்கும், காரியம் செட்டிநாட்டுக்குப் புதிதே இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் முதலாளி இங்கே கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ உட்கார்ந்திருப்பார், கடல் தாண்டி அங்கே லட்சக்கணக்கில் புழங்கியது ஒரு ஏஜெண்ட் கையில். அந்த ஆளை எப்படி வைத்திருந்தார்கள்? மூன்று வருடக் கணக்குக்குப் பேசி அனுப்பினார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகக் கையில் கொடுத்தார்கள், குடும்பம் இங்கே பசியில்லாமல் இருந்தது. கணக்கு முடிந்து வந்தால் லாபத்தில் பங்கு. ஏஜெண்டாக ஆவதற்கு முன் அவர் பெட்டியடிப் பையனாக (கடையில் சிறு வேலை பார்க்கிறவராக) சேர்ந்து, அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை), படிப்படியாக ஏறியிருப்பார். ஆளெடுப்பு, பயிற்சி, பதவி உயர்வு, ஒப்பந்தக் காலம், ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் இருக்கிறது. "அந்தக் காலத்தில் எல்லாரும் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்" என்று அப்பச்சி சொல்வது உண்மையாகவே இருக்கட்டும், அந்தச் சொந்தத்துக்கு அடியில் எழுதி வைத்த பேச்சும் சரியான கணக்கும் இருந்தன.

சரி, 45,000 சம்பளத்துக்கு மேனேஜரா? இப்போது வேண்டாம். நண்பர் தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் ஷிஃப்ட் நேரத்தையும் படி போடும் இடத்தையும் மாற்றும் அதிகாரம் உங்கள் இருவர் கையிலேயே இருக்கும்போது, வருகிற மேனேஜர் அந்த அரை நாள் கட்டைத்தான் இன்னும் ஒழுங்காகப் பிடிப்பார். உங்கள் பேக்கிங்கில் கணக்கு எழுதுகிற பி.காம். படித்த பெண்ணைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், எல்லாருக்கும் எல்லா விஷயமும் அவர் மூலம்தான் வருகிறது என்று. அவரை அந்தப் பொறுப்பில் உட்கார வையுங்கள், சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள். தினமும் உடைசல் எவ்வளவு, யார் வரவில்லை, ஏன், யார் நின்றார்கள், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். தொழிலாளர் சட்ட வேலைக்கு காரைக்குடியிலோ மதுரையிலோ ஒரு நல்ல ஆலோசகரை மாதக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் 100-ஐத் தாண்டும்போது மேனேஜரைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.

நின்றவர்களை விடுங்கள், இருப்பவர்களிடம் ஏதாவது கேட்டிருக்கிறீர்களா? பெங்களூரைச் சேர்ந்த ஒரு பெரிய ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. வருடாந்தரக் கூலி உயர்வு எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்த சமயத்தில், தொழிலாளர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் கூலி, சூப்பர்வைசர், வேலை பற்றிக் கருத்துக் கேட்டு வாங்கினார்கள், பேர் வெளியே வராது என்ற உறுதியோடு. கூலி ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. இருந்தும் அடுத்து வந்த மாதங்களில் கருத்துக் கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டவர்கள் குறைவு. உங்கள் ஷெட்டில் ஒரு பெட்டி வைத்தால் யாரும் சீட்டு எழுதிப் போட மாட்டார்கள், அது சம்பிரதாயமாகிவிடும். மாதம் ஒரு முறை டீ நேரத்தில் பிரிவுக்கு இரண்டு பேரோடு உட்காருங்கள், அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பச்சி அந்தக் கூட்டத்தில் வேண்டாம், அவர் முன்னால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கான்ட்ராக்டில் காட்டலாமா?

வேண்டாம். 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால் பி.எஃப். நீங்கள் 58 பேர். காகிதத்தில் பாதிப் பேரை வேறொருவர் பேரில் எழுதினாலும், வேலை சொல்வது நீங்கள், கூலி கொடுப்பது நீங்கள், பயோமெட்ரிக் உங்களுடையது. விசாரணை என்று வந்தால் அவர்கள் உங்கள் ஆட்கள்தான் என்று நிரூபிக்க உங்கள் மெஷினே போதும். உண்மையான கான்ட்ராக்டராகவே இருந்து அவர் பி.எஃப். கட்டாமல் விட்டாலும் முதன்மை முதலாளி என்ற வகையில் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள், பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவர் நிரந்தரத் தொழிலாளி என்ற உரிமையைக் கேட்கலாம். பெயரை மாற்றி மாற்றி எழுதுவதால் அது மறைந்துவிடாது.

செலவையும் சரியாகப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. மாதம் 13,000 வாங்குகிறவருக்கு நீங்கள் கட்டுவது 423 ரூபாய்க்குள். கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் நாள் முழுக்க ஆட்கள் நிற்கிற தொழில் உங்களுடையது. இ.எஸ்.ஐ. இல்லாத ஒருவர் மேல் எண்ணெய் கொட்டினால் வைத்தியச் செலவும் நஷ்டஈடும் உங்கள் தலையில். அந்த ஒடிசாப் பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர்கள் தங்கியிருக்கிற இடத்துக்கும் ஃபிரையருக்கும் கேஸ் லைனுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதில் எதை ஒத்திப் போட்டாலும் அவர்களை அங்கிருந்து மாற்றுவதை ஒத்திப் போடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம் எல்லாருக்கும் கொடுத்தாக வேண்டும், உங்களிடம் ஒருத்தருக்கும் இல்லை. படிகள் என்ற பெயரில் சம்பளத்தைப் பிரித்து பி.எஃப்.-ஐக் குறைக்கும் பழைய வித்தைக்கும் இனி அவ்வளவு இடமில்லை, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியக் கணக்கில் சேரும். ஆலோசகரோடு உட்கார்ந்து மாநில விதிகளையும் வைத்து ஒரு முறை முழுக்கச் சரிபார்த்துவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் இரவு 10 மணி வரை வேலை வாங்கி ஒற்றைக் கூலியும் டிபனும் கொடுக்கிறீர்கள், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வைத்தால் அவர்கள் சம்மதமும், வீடு போய்ச் சேர வண்டியும் பாதுகாப்பும் வேண்டும். தீபாவளிச் சேலை நல்ல பழக்கம், கொடுங்கள். ஆனால் அது போனஸ் ஆகாது, குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது தனி. 46 பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இல்லாததும் குறைதான், 10 பேர் இருந்தாலே அது கட்டாயம்.

போன அக்காவைப் பற்றி

தடுக்க முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27: ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. நீங்கள் எழுதி வாங்கியிருந்தால்கூட வேலையை விட்ட பிறகு அது நிற்காது, இங்கே எழுதியும் வாங்கவில்லை. கைப்பதம் அவருடையது, எங்கே வேண்டுமானாலும் கொண்டு போவார்.

கொடுக்க வேண்டியதைக் கொடுங்கள். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளத்தைத் தீர்த்துவிட வேண்டும், நீங்கள் ஒரு மாதமாக வைத்திருக்கிறீர்கள். அடுத்தது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. "அவராகத்தானே போனார், அதெல்லாம் கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள், அது தப்பான எண்ணம். ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் கிராஜுவிட்டி உண்டு, போட்டிக்காரரிடம் போனார் என்பதற்காக அதை மறுக்க முடியாது. நாள் கூலி 650 ரூபாய், வருடத்துக்கு 15 நாள் வீதம் 9,750, 14 வருடத்துக்கு 1,36,500 ரூபாய். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதமானால் வட்டியும் சேரும். ஷெட்டில் மிச்சமிருக்கிற எல்லாரும் இந்த ஒரு விஷயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 14 வருடம் உழைத்தவருக்கே இந்தக் கதி என்றால் நேற்றுச் சேர்ந்தவர் எதை நம்பி இருப்பார்?

அவர் ஏன் போனார் என்று கேட்டீர்களா என்ற என் கேள்விக்கு மெயிலில் நீங்கள் எழுதிய பதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மெஷின் போட வந்தவர் அளவு எழுதிக் கொடுத்தார். புது லாட் அரிசி மாவுக்கு அவ்வளவு தண்ணீர் ஆகாது, முறுக்கு விண்டு போகும் என்று இவர் சொன்னார். எல்லார் முன்னாலும் "இனிமேல் மெஷின் பார்த்துக்கும்" என்று நீங்கள் சொன்னீர்கள். அரிசி பழசா புதுசா, மாவு எவ்வளவு ஈரம் என்பதற்கேற்ப தண்ணீர் மாறும் என்பது பலகாரம் சுட்ட எந்த ஆத்தாளுக்கும் தெரியும். உடைசல் கூடியதில் படிக்கு எவ்வளவு பங்கு, இவர் போனதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கஷ்டம், இரண்டும் சேர்ந்துதான் நடந்திருக்கிறது. பாக்கியைக் கொடுக்க நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். திரும்ப வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அவருக்கு அடுத்தபடியாக மாவில் கை வைத்த இரண்டு பேர் இன்னும் உங்களிடம் இருக்கிறார்கள். ஒவ்வொரு லாட் மாவுக்கும் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெண்ணெய், உடைசல் எவ்வளவு வந்தது என்று அவர்களை வைத்து எழுதுங்கள், அந்த வேலைக்குத் தனிப் படி கொடுங்கள். படிக்காதவர் என்றால் அவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதட்டும்.

எதை முதலில் செய்வது என்று குழம்ப வேண்டாம். இந்த வாரம் அரை நாள் கட்டை எடுங்கள், அக்காவின் பாக்கியைத் தீருங்கள், அந்தப் பையன்களுக்கு வேறு இடம் பாருங்கள். இந்த மாதத்துக்குள் எடை போடும் இடத்தைப் பேக்கிங் முடிந்த பிறகு என்று மாற்றி, பாக்கெட்டில் முழுசாகப் போனதற்கு மட்டும், அந்த வரிசையில் மாவு பிசைபவரிலிருந்து பேக் செய்பவர் வரை எல்லாருக்கும் சேர்த்துப் படி கொடுங்கள். ஓர் ஈட்டுக்கு இவ்வளவுதான் என்று ஃபிரையர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பி.எஃப்., நியமனக் கடிதம் போன்றவை அடுத்த இரண்டு மாதத்தில் முடியட்டும். 1,500 கிலோ உடனே வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். உடைசல் முதலில் இறங்கும், அப்புறம் நிற்கிறவர்கள் எண்ணிக்கை இறங்கும், உற்பத்தி கடைசியாகத்தான் ஏறும். நடுவில் ஒரு மாதம் செலவு கூடியும் உற்பத்தி அப்படியே இருக்கும், அப்போது அப்பச்சி "நான்தான் சொன்னேனே" என்பார், அதற்காகத்தான் அந்த நோட்டு.

கடிதத்தின் கீழே, பயோமெட்ரிக்கைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றாதீர்கள். ஓவர்டைமுக்கு எத்தனை மணி நேரம், யாருக்கு எவ்வளவு இரட்டைக் கூலி என்று கணக்குப் பார்க்க அது வேண்டும். மாதக் கடைசியில் ஒவ்வொருவர் பதிவையும் அச்செடுத்துச் சம்பளக் கவரோடு கொடுத்துவிடுங்கள், அவர்களும் சரிபார்க்கட்டும்.